சுவருக்கு யார் கையெழுத்து?

- மூன்றாமாண்டு, சிவில்



வீட்டுக்கு விலை பூஜ்யம் என்று எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இடிந்த வீடு என்று நினைத்துவிடாதீர்கள். லிப்ட் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, கடன் தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அப்படிப்பட்ட பிளாட்டை விற்கப் போனால், பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, விலை எழுதும் கட்டத்தில் 0 பவுண்டு என்று எழுதிவிட்டுப் போகிறார்! இங்கிலாந்தில் 2019-ம் வருடக் கடைசியிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி நடந்தது. குறை எதுவும் வீட்டுக்குள் கிடையாது. எல்லாம் வெளிச்சுவரில்.

"லண்டன்காரன் வீடு விற்றால் எனக்கென்ன, விற்காவிட்டால் எனக்கென்ன, அரியர் பேப்பரே நாலு கிடக்கு" என்று பக்கத்தைத் திருப்பப் போகிற நண்பரே, ஒரு நிமிஷம்! நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜவுளிக்கடை, நகைக்கடை முகப்பிலெல்லாம் பளபளவென்று ஒட்டியிருக்கிறதே ஏ.சி.பி. ஷீட், அந்தக் குடும்பத்துச் சரக்குதான் இந்தக் கதைக்கு வில்லன். அங்கே ஏ.சி.எம். என்பார்கள். இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, நடுவில் 3 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். அதாவது கேரி பேக் செய்கிற அதே பிளாஸ்டிக். தீயை ஓரளவு தாங்கும்படி நடுவில் தாதுப்பொடி கலந்த ரகமும் இருக்கிறது, விலை கொஞ்சம் கூட. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது என்ன ரகம் என்று புரியும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

2017 ஜூன் 14 அதிகாலை, மேற்கு லண்டனில் கிரென்ஃபெல் டவர். 24 மாடி. 1974-ல் கட்டி முடித்த கான்கிரீட் கட்டிடம். நாலாவது மாடி சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜில் பிடித்த தீ ஜன்னல் வழியாக வெளியே வந்தது. பழைய கான்கிரீட் சுவராக மட்டும் இருந்திருந்தால் அந்த வீட்டோடு போயிருக்கும். ஆனால் 2016-ல்தான் அந்தக் கட்டிடத்துக்குப் புதுச் சட்டை போட்டு முடித்திருந்தார்கள். உள்ளே குளிர் தாங்க நுரை அட்டை, அதற்கு வெளியே காற்றோட்ட இடைவெளி, அதற்கும் வெளியே ஏ.சி.எம். ஷீட். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் கீழிருந்து மேல் வரை சந்து இருந்தால் அது புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும் என்பது ஃபிசிக்ஸ் பாடம். இடையிடையே வைக்க வேண்டிய தீத்தடுப்புப் பட்டைகளையும் ஒழுங்காக வைக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் தீ உச்சிக்குப் போய்விட்டது. "அவரவர் வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற பழைய விதிப்படி காத்திருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. இறந்தவர்கள் 72 பேர்.

முதலில் துத்தநாகத் தகடு போடுவதாகத்தான் பிளான் இருந்தது. ஏ.சி.எம்.முக்கு மாற்றியதில் சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பவுண்டு மிச்சம். 2024 செப்டம்பர் 4-ம் தேதி வெளிவந்த விசாரணை அறிக்கை, தகட்டைத் தயாரித்த நிறுவனம் அதன் ஆபத்தைத் தெரிந்தே மறைத்தது என்று சொல்லிவிட்டது. அத்தனை சாவும் தவிர்த்திருக்கக் கூடியது என்றார் விசாரணைத் தலைவர் சர் மார்ட்டின் மூர்-பிக். அந்த அறிக்கை பற்றித் தனியாக ஒரு மலரே போடலாம். என் கட்டுரை அந்தத் தீக்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

தீக்கு அப்புறம் இங்கிலாந்து முழுக்க ஒரே கேள்வி: "எங்க பில்டிங் சுவரில் என்ன இருக்கு?" பதில் சொல்ல ஆள் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அது பில்டரின் ஃபைலில் இருக்க வேண்டும். பல கட்டிடங்களுக்கு ஃபைலே இல்லை. இருந்தாலும், டிராயிங்கில் ஒன்று, சைட்டில் வேறொன்று.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். இங்கிலாந்தில் பிளாட் வாங்கினால் நம் ஊர் மாதிரி பிரிபடாத பாக மனையைப் பத்திரம் பண்ணித் தருவது கிடையாது. 99 வருஷம், 125 வருஷம், சில இடத்தில் 999 வருஷம் என்று குத்தகைதான். நிலமும் சுவரும் கூரையும் வேறொருவருடையது. அவருக்கு ஃபிரீஹோல்டர் என்று பெயர். குத்தகைக்கு வாங்கியவர் லீஸ்ஹோல்டர். சுவர் உன்னுடையது இல்லை, ஆனால் அதற்கு ரிப்பேர் வந்தால் பணம் கட்டுவது நீ! எழுத்துப் பிழை இல்லை நண்பர்களே, லீஸ் பத்திரமே பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டின் கால் பங்கை மட்டும் விலைக்கு வாங்கி முக்கால் பங்குக்கு வாடகை கட்டுகிற 'ஷேர்டு ஓனர்ஷிப்' குடும்பங்களுக்கும் ரிப்பேர் பில் மட்டும் நூற்றுக்கு நூறு.

இப்போது விற்பனைக்கு வருவோம். வாங்க வருகிறவர் பெரும்பாலும் பேங்க் கடனில்தான் வாங்குவார். பேங்க் ஒரு சர்வேயரை அனுப்பும். (நாம் சங்கிலியும் தியோடலைட்டும் பிடிக்கிற சர்வேயர் இல்லை, இவர் மதிப்புப் போடும் சர்வேயர்.) அவர் கீழே நின்று சுவரைப் பார்க்கிறார். ஷீட் இருக்கிறது. என்ன ஷீட்? தெரியாது. நாளைக்கு அதைக் கழற்றிமாட்ட ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஆகும்? தெரியாது. தெரியாத செலவைக் கழித்து எப்படி விலை போடுவது? அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வில்லங்கச் சான்றிதழ் இல்லாத நிலத்துக்கு நம் ஊர் பேங்க் மேனேஜர் லோன் கொடுப்பாரா? அங்கே வில்லங்கம் சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

இதைத் தீர்க்கத்தான் 2019 டிசம்பரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்ட்டர்டு சர்வேயர்ஸ், வீட்டுக்கடன் கொடுப்பவர்களின் சங்கங்களோடு சேர்ந்து ஒரு படிவம் கொண்டுவந்தது. பெயர் இ.டபிள்யூ.எஸ்.1. எக்ஸ்டர்னல் வால் சிஸ்டம் என்பதன் சுருக்கம். ஒரு கட்டிடத்துக்கு ஒரு படிவம், ஐந்து வருடம் செல்லும். தகுதியுள்ள நிபுணர் ஒருவர் சுவரை ஆராய்ந்து, எரியும் பொருள் இல்லை என்றால் 'ஏ' பிரிவில் போடுவார். எரியும் பொருள் இருந்தால் 'பி' பிரிவு. அதிலும் ஆபத்து குறைவு, வேலை தேவையில்லை என்றால் பி1. கழற்றி வேலை பார்த்தே ஆகவேண்டும் என்றால் பி2. கீழே கையெழுத்து.

படிக்கும்போது நல்ல யோசனையாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்தப் படிவத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. இது தீயணைப்புச் சான்றிதழும் இல்லை. கடன் கொடுக்கிறவரின் சந்தேகம் தீர ஒரு காகிதம், அவ்வளவே. கட்டாயம் இல்லாததால் ஃபிரீஹோல்டர் "நான் எதுக்கு எடுக்கணும்?" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். லீஸ்ஹோல்டர் தானாகப் போய் எடுக்கவும் முடியாது, ஏனென்றால் சுவர் அவருடையது இல்லை! அடுத்தவன் சுவரைத் துளைத்துப் பார்க்க அவருக்கு ஏது உரிமை? அதாவது விற்க வேண்டியவரிடம் படிவம் எடுக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு விற்கும் அவசரம் இல்லை.

சரி, ஃபிரீஹோல்டர் சம்மதித்தார் என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட ஆள்? 'பி' பிரிவுக்குத் தீப் பொறியியல் படித்தவர் வேண்டும். அப்படி முழுத் தகுதி உள்ளவர்கள் நாடு முழுக்கச் சில நூறு பேர்தான். அவர்களிலும் பலருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் தலையில்தானே விடியும்? அதனால் மாதக்கணக்கில் க்யூ. இதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருப்பார். அங்கே ஒருவர் விற்று அந்தப் பணத்தில் அடுத்தவர் வீட்டை வாங்குவார், அவர் இன்னொருவர் வீட்டை வாங்குவார் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்திருக்கும். ஒரு பெட்டி நின்றால் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும்.

மாட்டிக்கொண்டது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் வீடு வாங்கியவர்கள். ஒற்றை பெட்ரூம் பிளாட்டில் கல்யாணத்துக்கு முன் குடிவந்து, குழந்தை பிறந்த பிறகும் இடம் மாற முடியாதவர்கள். வேறு ஊரில் வேலை கிடைத்தும் போக முடியாதவர்கள். பிரிந்துவிட்ட கணவன் மனைவி, வீட்டை விற்றுப் பங்கு பிரிக்க முடியாமல் அதே கூரைக்குக் கீழே. இதற்கு நடுவே, சுவர் ஆபத்தானது என்று தெரிந்த கட்டிடங்களில் இரவு பகலாக ஆட்கள் நடந்து தீ பிடிக்கிறதா என்று பார்க்கும் காவல் ஏற்பாடு வேறு. 'வேக்கிங் வாட்ச்' என்று பெயர். மாதத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு. அந்தப் பில்லும் குடியிருப்பவர் தலையில்!

சோதனை முடிந்து பி2 என்று வந்தால்? அப்போதும் விற்காது. படிவம் இல்லாத வரை சந்தேகம், படிவம் வந்தபின் உறுதி. இதனால்தான் சில இடங்களில் "சோதனையே வேண்டாம், சும்மா இருப்பதைக் கிளறாதே" என்ற பேச்சும் வந்தது. சுகர் டெஸ்ட் எடுத்தால் சுகர் வந்துவிடும் என்று பயப்படுகிற பெரியவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள், அது மாதிரி. இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். விற்க முடியாது என்பது கஷ்டம்தான். ஆனால் எரியும் சுவரைத் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உயரம் சம்பந்தமான கூத்தையும் சொல்லியாக வேண்டும். முதலில் 18 மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்குத்தான் இந்தப் படிவம். 2018 டிசம்பரில் எரியும் பொருளை வெளிச்சுவரில் போடக்கூடாது என்று வந்த தடையும் அந்த உயரத்துக்கு மேல்தான். 2019 நவம்பர் 15 இரவு போல்ட்டன் ஊரில் ஒரு மாணவர் ஹாஸ்டல் எரிந்தது. ஆமாம், நம்மை மாதிரி மாணவர்கள் தங்கிய 'தி க்யூப்' என்ற ஆறு மாடிக் கட்டிடம். 18 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெளியே போட்டிருந்தது ஏ.சி.எம். கூட இல்லை, வேறு வகை லாமினேட் பலகை. எல்லாரும் தப்பித்தார்கள், ஆனால் புத்தகம், சர்டிபிகேட், துணிமணி எல்லாம் போச்சு. தீக்கு டேப் பிடித்து அளக்கத் தெரியாது என்று அன்றைக்குத்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது போலிருக்கிறது. 2020 ஜனவரியில் அரசாங்கம் எல்லா உயரத்துக் கட்டிடத்தையும் சோதிக்கச் சொல்லி அறிவுரை வெளியிட்டது. உடனே பேங்குகள் நாலு மாடி, மூணு மாடிக்கும் படிவம் கேட்க ஆரம்பித்தன. செங்கல் கட்டிடத்துக்குக்கூடக் கேட்டார்கள்! க்யூ பல மடங்கு நீண்டது. பிறகு 2020 நவம்பரில் "கிளாடிங் இல்லாத கட்டிடத்துக்குக் கேட்காதே", 2021-ல் "18 மீட்டருக்குக் கீழே கேட்காதே", 2022 ஜனவரியில் அந்தப் பழைய அறிவுரையே வாபஸ். அதற்குப் பதில் பி.ஏ.எஸ். 9980 என்ற முறை வந்தது. எரியும் பொருள் இருக்கா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், அந்தக் கட்டிடத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று எடைபோடும் முறை. முதலிலேயே செய்திருக்கலாம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். படிவத்தைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சோதனை தேவைதான். சுவரில் இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு குடும்பத்துக்கு விற்பது தப்புதான். ஆனால் கேள்வியை யாரிடம் கேட்டார்கள்? சுவரை டிசைன் செய்தவர், ஷீட் விற்றவர், ஆணியடித்தவர், பார்த்து ஓகே சொன்ன இன்ஸ்பெக்டர், இவர்கள் எல்லாரும் வேலை முடிந்து பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து வருஷம் கழித்து, அந்தச் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு நர்ஸிடமும் வாத்தியாரிடமும் "நிரூபி" என்றால்? தலைகீழ் நியாயம்!

எங்கப்பா கொத்தனார். கைநாட்டு. எங்க வீட்டில் முதன்முதலில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான், அதனால் கையெழுத்து என்றாலே எனக்கு ஒரு மயக்கம் உண்டு. அப்பாவுக்கு அந்த மயக்கம் கிடையாது. அவர் கட்டிய சுவருக்கு அவர் எந்தக் காகிதமும் கொடுத்ததில்லை. ஆனால் இருபது வருஷம் முன்னால் கட்டிய சுவரைக் காட்டி, இதில் அடியில் என்ன கல், எந்த மட்டத்தில் பெல்ட் கான்கிரீட், எங்கே பழைய செங்கல் கலந்தது என்று இன்றைக்கும் சொல்லுவார். அந்த வீட்டுக்காரர்களும் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். லண்டனில் கட்டுக்கட்டாக ஃபைல் போடுகிற கம்பெனிகளால் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. நிறையப் பில்டர்கள் ஒரு கட்டிடத்துக்கு ஒரு கம்பெனி தொடங்கி, விற்று முடித்ததும் அந்தக் கம்பெனியையே மூடிவிடுவார்கள். கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை.

2022 ஏப்ரல் 28-ல் வந்த பில்டிங் சேஃப்டி ஆக்ட் இதில் கொஞ்சம் கைவைத்தது. 11 மீட்டர் அல்லது ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டிடங்களில், தகுதியுள்ள லீஸ்ஹோல்டர் எரியும் ஷீட்டைக் கழற்றப் பணம் தரவேண்டாம். மற்றக் குறைகளுக்கும் உச்சவரம்பு: பெரும்பாலோருக்கு லண்டனில் 15,000 பவுண்டு, வெளியே 10,000. பழைய கட்டிடங்களுக்கு 30 வருடம் பின்னால் போய்கூட பில்டர் மேல் வழக்குப் போடலாம், முன்பு ஆறு வருடம்தான். கம்பெனியை மூடிவிட்டு ஓடினால் அதன் கூட்டாளிக் கம்பெனியைப் பிடிக்கவும் வழி வைத்தார்கள். இந்த ஒரு ஷரத்தை எழுதியவருக்கு நம் யூனியன் சார்பில் ஒரு மாலை போடலாம்! 2023 ஜனவரியிலிருந்து ஆறு பெரிய பேங்குகள், வேலைக்கு யார் பணம் தருவார் என்று உறுதியாகத் தெரிந்தால் படிவம் இல்லாமலும் கடன் பற்றி யோசிப்போம் என்றன. பூஜ்யம் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணாக மாறத் தொடங்கியது.

ஆனால் 'தகுதியுள்ள' என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? 2022 பிப்ரவரி 14 அன்று அந்த வீட்டில் குடியிருந்தாரா, இல்லையென்றால் அவருக்கு மொத்தம் மூன்று வீட்டுக்குள் இருந்ததா என்று பார்க்கிறார்கள். காதலர் தினத்தன்று யார் எங்கே இருந்தார் என்பதை வைத்துச் சட்டம் போட்ட ஒரே நாடு அதுவாகத்தான் இருக்கும்! விற்கும்போது அதற்கு ஒரு சர்டிபிகேட், ஃபிரீஹோல்டரிடமிருந்து இன்னொரு சர்டிபிகேட். ஒரு காகிதத்தில் தொடங்கி மூன்றாகிவிட்டது. 11 மீட்டருக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. குடியிருப்பவர்கள் எல்லாரும் காசு போட்டு நிலத்தையும் சேர்த்து வாங்கி, தாங்களே ஃபிரீஹோல்டர் ஆன கட்டிடங்களுக்கும் கிடையாது. கஷ்டப்பட்டுச் சொந்தக்காரன் ஆனவனுக்குத் தண்டனை!

எனக்குச் சரி என்று படுவது இதுதான். சுவரில் என்ன இருக்கிறது என்ற காகிதம் சுவர் எழும்பும் அன்றே, எழுப்பியவர் கையெழுத்தோடு, ஷீட்டின் பேட்ச் நம்பரோடு, மூடுவதற்கு முன் எடுத்த போட்டோவோடு பிறக்க வேண்டும். பில் பாஸ் ஆக அதைக் கட்டாயமாக்க வேண்டும். பிளாட் கைமாறும்போதெல்லாம் அது பத்திரத்தோடு போக வேண்டும். எம்-புக் எழுதப் பழகுகிற நமக்கு இது பெரிய வித்தையா? புதைகிற கம்பியை அளந்து எழுதிய பிறகுதானே கான்கிரீட் போட விடுவார்கள்? அந்த வழக்கம் எலிவேஷன் ஷீட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? இங்கிலாந்தின் புதுச் சட்டத்தில் 'கோல்டன் த்ரெட்' என்று ஏறக்குறைய இதையே வைத்திருக்கிறார்கள். 18 மீட்டர் அல்லது ஏழு மாடிக்கு மேல் உள்ள குடியிருப்புக் கட்டிடத்துக்கு டிசைன் முதல் குடியிருப்பு வரை எல்லாத் தகவலும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மாற்றினால் பதிய வேண்டும்.

உயரமான கட்டிடங்களுக்கு அது ஆயிற்று. நடுத்தர உயரத்தில் ஏற்கெனவே நிற்கிற ஆயிரக்கணக்கான கட்டிடங்களுக்கு அந்த நூலும் இல்லை, கட்டியவரும் இல்லை. முதல் ரவுண்டில், 2020-ல் போட்ட இ.டபிள்யூ.எஸ்.1 படிவங்களுக்கு 2025-ல் ஐந்து வருடம் முடிந்து காலாவதி ஆகிவிட்டது. விற்க நினைப்பவர் மறுபடியும் ஃபிரீஹோல்டருக்குக் கடிதம் எழுதுகிறார். மறுபடியும் நிபுணருக்குக் காத்திருக்க வேண்டும், அவர் வந்து அதே சுவரை மறுபடியும் பார்க்க வேண்டும். சுவருக்குள் ஐந்து வருஷத்தில் எதுவும் மாறியிருக்காது.